தலைமயிர் மட்டும் ஏன் நிற்காமல் வளர்கிறது? கத்தரிக்கோல் இல்லாத காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள்?

இரட்டைப்பின்னல் | வெள்ளவத்தை | வெள்ளி இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் நாலாம் வகுப்பு. காலை 6 மணிக்கு அவளை முன்னால் இருத்தித் தலை இழுத்து இரட்டைப் பின்னல் போட வேண்டும், 6.25க்கு ஸ்கூல் வான் கீழே வந்து ஹோர்ன் அடித்துவிடும். அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் அவளுடைய கேள்விகள் எல்லாம் வரும். இன்று கேட்டது இது:

"அம்மா, புருவம் வளந்து கண்ணை மூடுறேல்லை. கைமயிரும் அப்படியே நிக்குது. தலைமயிர் மட்டும் ஏன் வெட்ட வெட்ட வளருது? கத்தரிக்கோல் கண்டுபிடிக்க முந்தி இருந்த ஆக்கள் எப்படி முன்னுக்குப் பாத்து நடந்தவை?"

வெட்டினால் இன்னும் கூட வளரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு நாள் முழுக்க மனம் கேட்கவில்லை. எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். இங்கே தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அவசரமில்லை, ஆறுதலாக எழுதுங்கள்.


உயர்தர உயிரியல் | கொழும்பு 13 | வெள்ளி இரவு 10.35

தங்கச்சி, உங்கள் மகள் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவதற்கு நான் வருகிறேன்.

வெட்டினால் கூட வளரும் என்பது சரியில்லை. வெளியே தெரிகிற மயிர் பெரும்பாலும் கெரற்றின் என்ற புரதம். அதில் உயிர் இல்லை, அதனால்தான் வெட்டும்போது நோவதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில், மயிர்க்காலின் அடியில் இருக்கிறது. மேலே நுனியை யார் வெட்டினாலும் கீழே அதற்குத் தெரியாது.

நீளத்தைத் தீர்மானிப்பது காலம். ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்சக் காலம் வளர்க்கும், பிறகு இரண்டு மூன்று கிழமையில் சுருங்கும், பிறகு ஓய்வெடுக்கும், பிறகு பழைய மயிரை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தலையில் அந்த வளர் பருவம் 2 முதல் 6 ஆண்டு வரை, சிலருக்கு இன்னும் கூட. மாதம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஆண்டுக்கு 12 முதல் 15 சென்ரிமீற்றர். ஆறு ஆண்டு நிற்கிற மயிர் 90 சென்ரிமீற்றர் வரும். புருவத்திலும் கையிலும் வளர் பருவம் சில கிழமைகள், கூடினால் சில மாதங்கள். நீளமாக வருவதற்குள் ஓய்வு வந்துவிடுகிறது.

ஆகவே தலைமயிர் நிற்காமல் வளர்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. அதுவும் நிற்கும். நிற்கிற இடம் முழங்காலா, இடுப்பா, தோளா என்பது அவரவர் மயிர்க்காலில் உள்ள கடிகாரம்.


கொட்டாஞ்சேனை சலூன் | சனி காலை 6.50

சேர் சொல்வது கைக்குத் தெரிந்த உண்மை. 26 வருடமாகத் தலைமயிர் வெட்டுகிறேன். நேர்த்திக்காக மயிர் வளர்த்து வருபவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடம் வெட்டாமல் ஒருவர் வந்தார், தோளுக்குக் கீழே நாலு விரல். அதே காலம் வளர்த்த இன்னொருவருக்கு முதுகு பாதி.

உங்கள் மகளுக்குக் காட்டக்கூடிய ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. உதிர்ந்த மயிர் ஒன்றை எடுத்து நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு தடவையாவது கத்தரி பட்டிருந்தால் நுனி மொட்டையாக இருக்கும். கத்தரி படாதது என்றால் புல் நுனி போல மெலிந்து முடியும். சவரம் செய்தால் தடிப்பாக வளருது என்று சனம் சொல்வதும் இதனால்தான். தடிப்பு மாறுவதில்லை, மெல்லிய நுனி போய்விட்டதால் முரடாகப் படுகிறது.

சடாமுடி வேறு. கதிர்காமத்தில் சில சாமிமாருக்குத் தரை தொடும் சடை பார்த்திருக்கிறேன். உதிர வேண்டிய மயிர் விழ வழியில்லாமல் சிக்கோடு சிக்காக உள்ளேயே இருந்துவிடுகிறது. அதனால்தான் அந்த நீளம்.


மெல்லத்துளிர் | தெஹிவளை | சனி முற்பகல் 10.15

இங்கே எப்போதும் வாசித்துவிட்டுப் போவேன், எழுதுவதில்லை. இதற்கு எழுதத் தோன்றியது.

சென்ற வருடம் எனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. முதல் ஊசி போட்டு மூன்றாம் கிழமையில் தலையணையில் கொத்தாக மயிர். பிறகு புருவம், இமை எல்லாம் போனது. சிகிச்சை முடிந்தபின் திரும்ப முளைத்தது. புருவம் கொஞ்ச நாளில் முன்பிருந்த அளவுக்கு வந்து, அங்கேயே நின்றது. தலை நிற்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அடிமட்டம் வைத்து மாதாமாதம் அளக்கிறேன், ஒரு சென்ரிமீற்றர், சில மாதம் கொஞ்சம் கூட. ஒரே நாளில் வெறுமையான இரண்டு இடம், ஒரே முகத்தில். ஒன்று வேலையை முடித்துவிட்டது, மற்றது போய்க்கொண்டே இருக்கிறது. உயிரியல் சேர் சொன்ன கடிகாரம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

முளைத்தது சுருள் சுருளாக. முன்பு எனக்கு நேர் மயிர். மருத்துவர் அது பலருக்கு வருவது, பெரும்பாலும் பிறகு பழையபடி ஆகும் என்றார்.


உயர்தர உயிரியல் | சனி பிற்பகல் 1.20

தங்கச்சி, நீங்கள் எழுதியதை என் மாணவர்களுக்குச் சொல்ல அனுமதி தாருங்கள். பெயரில்லாமல்.

அந்த மருந்து வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகிறது. தலையில் எந்த நேரமும் பத்தில் எட்டு, ஒன்பது மயிர்க்கால்கள் வளர் பருவத்தில் இருக்கும். அதனால்தான் ஒரேயடியாகக் கொட்டுகிறது. பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் மயிர் கொட்டுவது வேறு விதம். கர்ப்பகாலத்தில் வளர் பருவம் நீண்டு, உதிர வேண்டியவை உதிராமல் நின்று, பிறகு எல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போகின்றன. அது திரும்ப வரும், பயப்பட வேண்டாம் என்று இளம் தாய்மாருக்குச் சொல்லுங்கள்.

அந்தக் கடிகாரத்தின் ஒரு பல்சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எஃப்ஜிஎஃப்5 என்ற பரம்பரையலகு "வளர்ந்தது போதும்" என்ற சைகையைக் கொடுக்கிறது. 1994இல் எலியில் அதைச் செயலிழக்கச் செய்தபோது உரோமம் நீண்டது. பொமரேனியன் நாயின் நீண்ட உரோமமும் அதே பரம்பரையலகின் மாற்றம். மனிதரில் அது கெட்டுப்போன சில குடும்பங்களை 2014இல் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு நீண்டது இமைமயிர். வெட்ட வேண்டிய அளவுக்கு. உங்கள் மகள் "புருவம் ஏன் கண்ணை மூடவில்லை" என்று கேட்டாளே, சைகை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகும் என்பதுதான் விடை.


காலிமுகத்திடல் காற்று | சனி மாலை 5.05

எப்படி என்பது விளங்குகிறது. ஏன்? எனக்குத் தெரிந்த வரை விடை வெயில். மனிதன் உடல் மயிரை இழந்து வியர்வையால் குளிர்கிறான். நிமிர்ந்து நடப்பவனுக்கு மதிய வெயில் விழுவது உச்சந்தலையில். உள்ளே இருப்பது சூடு தாங்காத மூளை. 2023இல் ஓர் ஆய்வு வந்தது: உடல் வெப்பத்துக்குச் சூடேற்றிய மனித உருவப் பொம்மைக்கு மனித மயிரால் செய்த விக் வைத்து, விளக்கு வெளிச்சத்தையும் காற்றையும் படவிட்டு அளந்தார்கள். நேர் மயிர், மிதமான சுருள், இறுக்கமான சுருள் என்று மூன்று விக். மொட்டைத் தலையை விட எல்லாமே நல்லது, இறுக்கமான சுருள் எல்லாவற்றிலும் நல்லது. தோலோடு ஒட்டிப் படுக்காமல் இடையில் காற்றை வைத்துக்கொள்கிறது. ஏப்ரல் மாதம் மதியம் கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இதற்கு ஆய்வு கூடத் தேவையில்லை.


ஐம்பால் | சனி இரவு 8.40

வெயில் என்றால் தொப்பி அளவு மயிர் போதுமே. இடுப்பு வரை எதற்கு? மூளை இடுப்பில் இல்லையே. டார்வின் 1871இலேயே சொன்னது, துணை தேடும்போது அழகாகக் கண்டது தலைமுறை தலைமுறையாகத் தேர்வாகி வந்தது என்று. நீண்ட மயிர் இரண்டு மூன்று வருட உடல்நலத்தின் பதிவு. சாப்பாடு குறைந்தால், காய்ச்சல் வந்தால் அதில் தெரியும். நம் மொழியைப் பாருங்கள்: கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம். ஐந்து வகையாக முடிப்பதற்கு ஐம்பால் என்று சங்கப் பாடல்கள் பேர் வைத்திருக்கின்றன. அகில் புகை ஊட்டி உலர்த்தியதும் அதிலே வரும். அழகு இல்லாத இடத்தில் இத்தனை சொல் பிறக்காது.


காலிமுகத்திடல் காற்று | சனி இரவு 9.15

சொல் பிறந்தது 2,000 வருடம். மயிர் நீண்டது அதற்கு எவ்வளவோ முன்பு. பின்னால் வந்த ரசனையை வைத்து முன்னால் நடந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது ஐயா.


உயர்தர உயிரியல் | ஞாயிறு காலை 7.30

இரண்டு பேரும் பாதியைப் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது என் எண்ணம்தான், ஆய்வு முடிவாக எடுக்க வேண்டாம். இறுக்கமாகச் சுருளும் மயிர் 30 சென்ரிமீற்றர் வளர்ந்தாலும் தலையிலிருந்து வெளியே தெரிவது மிகக் கொஞ்சம். அப்படிப்பட்ட மயிரால் வெயிலைத் தடுக்கும் தடித்த கூரை போட வேண்டுமானால் வளர் பருவம் நீள வேண்டும். மனிதக் கூட்டங்கள் ஆபிரிக்காவை விட்டு வந்தபின் சில இடங்களில் சுருள் நேராகியது, கடிகாரம் அப்படியே இருந்தது. நேராகிய மயிர் இடுப்பு வரை தொங்கியது. தொங்கியதை அழகென்று கண்டது அதன் பிறகு நடந்திருக்கலாம். கூர்ப்பில் ஒரு வேலைக்காக வந்தது வேறு வேலைக்குப் போவது புதிதல்ல.


குகைத்தேடல் | நுகேகொட | ஞாயிறு பிற்பகல் 3.45

அக்கா, மகளின் இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. தொல்லியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மயிர் மண்ணில் நிலைப்பது அரிது. தென்னாபிரிக்காவின் கிளாடிஸ்வேல் குகையில் கல்லாகிப்போன கழுதைப்புலி மலத்துக்குள் மயிர் அடையாளங்கள் கிடைத்தன, மனித மயிராக இருக்கலாம் என்கிறார்கள். வயது 195,000 முதல் 257,000 ஆண்டு. ஆனால் அது நீளமாக இருந்ததா, பின்னியிருந்ததா என்று அதில் பார்க்க முடியாது. அதனால் சிலைகளைப் பார்க்கிறோம். பிரான்சில் பிராசம்பூய் என்ற இடத்தில் 1894இல் கிடைத்த தந்தத் தலை, உயரம் 3.65 சென்ரிமீற்றர், வயது ஏறக்குறைய 25,000 ஆண்டு. பெருவிரல் அளவு முகத்துக்கு வாய் செதுக்கவில்லை. தலையில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக வேலை. பின்னல் என்கிறார்கள் சிலர், தொப்பி அல்லது வலை என்கிறார்கள் சிலர். எதுவானாலும், வாயை விட்டவர் தலையை விடவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்குப் பக்கத்தில் பாகியன்கல குகை. கொழும்பிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். அங்கே 48,000 ஆண்டுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள், மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடியிருக்கிறார்கள். எலும்பு அம்புமுனை, தோல் அல்லது நார் வேலைக்கான எலும்புக் கருவி, கடற்சிப்பி மணி, காவிக்கல் மணி எல்லாம் கிடைத்திருக்கின்றன. கூடவே படிகக்கல் சில்லுகள், நகத்தளவு. நார் முறுக்கத் தெரிந்த கைக்கு மயிர் முறுக்கத் தெரியாமல் இருக்குமா? மணி கோத்தவர்கள் அதைக் கழுத்தில் மட்டும் போட்டிருப்பார்களா? சான்று இல்லை, ஆனால் எனக்கு அந்தக் குகை வாசலில் நின்றபோது வந்த எண்ணம் இதுதான்.

வெட்டியதற்கு அருகில் வரும் சான்று அந்தமானில் இருக்கிறது. அந்தமான் பழங்குடிப் பெண்கள் படிகக்கல் சில்லால் தலை சவரம் செய்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பல்கள் வந்தபின் போத்தல் கண்ணாடிச் சில்லுக்கு மாறினார்கள். தனக்குத் தானே செய்வதில்லை, ஒருவருக்கு மற்றவர்.

நெருப்பும் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை ஆண்ட தியோனீசியஸ் நாவிதர் கத்திக்குப் பயந்து, மகள்மாரைக் கொண்டு சூடான வால்நட் ஓட்டால் தாடியையும் மயிரையும் பொசுக்கிக்கொண்டான் என்று ரோம எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். அரசனுக்கே நடந்தால் காட்டில் கொள்ளிக்கட்டை வைத்திருந்தவர்களுக்கும் தோன்றியிருக்கும். வெட்டாமல் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயும் காவி மண்ணும் குழைத்துப் பின்னலில் பூசுகிறார்கள். தண்ணீர் அரிதான இடத்தில் அதுவே துப்புரவும் பாதுகாப்பும்.


கொட்டாஞ்சேனை சலூன் | ஞாயிறு இரவு 9.30

தம்பி, படிகக்கல்லால் சவரம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அதற்கு முனை நிற்குமா?


குகைத்தேடல் | ஞாயிறு இரவு 10.05

நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணா. ஒரு களப்பயிற்சியில் படிகக்கல்லை உடைத்துச் சில்லு எடுத்தோம். புதிதாக உடைந்த விளிம்பு பிளேட் போல. ஒரு நண்பனின் பிடரி மயிரில் ஒரு கொத்தைப் பிடித்து அறுத்தேன். கத்தரி போல ஒரே வெட்டில் வராது, இழுத்துப் பிடித்துக்கொண்டு வாள் போல அறுக்க வேண்டும். தொங்குகிற மயிரை வெட்டவே முடியாது, மற்றக் கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நாலைந்து கொத்துக்குப் பிறகு விளிம்பு மங்கும், எறிந்துவிட்டு அடுத்த சில்லு.


கொட்டாஞ்சேனை சலூன் | ஞாயிறு இரவு 10.20

இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றது விளங்குது. சவரக்கத்திக்கும் அதுதான். தோலை மற்றக் கையால் இழுக்காவிட்டால் கத்தி வெட்டிவிடும். அப்ப தன் பிடரியைத் தானே செய்ய ஏலாது. அன்றைக்கும் ஓராள் தேவைப்பட்டிருக்கு.


மாவிட்டபுரம் ஆச்சி | வெள்ளவத்தை | திங்கள் காலை 9.00

பேரன் தட்டச்சுப் பண்ணித் தருகிறான். எல்லாரும் வெட்டுறதைப் பற்றியே கதைக்கிறியள். நாங்கள் வெட்டவில்லை. ஊரில் கிழமைக்கு இரண்டு நாள் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய், இல்லாவிட்டால் அரப்பு போட்டுத் தலைக்குத் தோய்வோம். நனைந்த மயிரை இழுக்கக் கூடாது, முறியும். காய்ந்தபின் விரலால் சிக்கெடுத்து, நுனியிலிருந்து மேலே மேலே இழுக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் உச்சியிலிருந்து இழுத்து முறித்துவிட்டு மயிர் வளரவில்லை என்கிறார்கள்.

மயிர் நீளமாக இருந்தால் பெரிய கரைச்சல் பேன். பின்னேரம் திண்ணைப் படியில் மேல்படியில் அம்மம்மா, அடுத்ததில் அம்மா, அதற்குக் கீழே நான், எனக்குக் கீழே தங்கச்சி. ஒருவர் தலையை ஒருவர் பார்ப்போம். ஊர்க்கதை எல்லாம் அந்தப் படியில்தான் நான் கேட்டது. பேன்சீப்பு ஒன்று மரத்தில் இருந்தது, இரண்டு பக்கமும் பல். 1995இல் இடம்பெயர்ந்தபோது அதையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தா அம்மா. என்னிடம் இருக்கிறது.


குகைத்தேடல் | திங்கள் நண்பகல் 12.10

ஆச்சி, இதைக் கேளுங்கள். இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தில் 2016இல் ஒரு சிறிய தந்தச் சீப்பு கிடைத்தது. உங்களுடையது போலவே இரண்டு பக்கமும் பல், ஒரு பக்கம் நெருக்கம். மண் அப்பியிருந்ததால் சில வருடம் யாரும் அதிலிருந்த எழுத்தைக் கவனிக்கவில்லை. வாசித்ததை 2022இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய கி.மு. 1700, அந்தப் பகுதியின் பழைய மக்களான கானானியரின் எழுத்து, 17 எழுத்துகள். "இந்தத் தந்தம் தலையிலும் தாடியிலும் உள்ள பேனைக் களையட்டும்" என்பது பொருள். அகரவரிசை எழுத்தில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய முழு வாக்கியம் அதுதான். பல்லிடையில் பேனின் மிச்சமும் ஒட்டியிருந்தது.

பிரேசிலில் 10,000 ஆண்டுப் பழைய மயிரில் ஈர் கிடைத்திருக்கிறது. மயிர் இருந்த இடமெல்லாம் இது நம்மோடு வந்திருக்கிறது.


மாவிட்டபுரம் ஆச்சி | திங்கள் பிற்பகல் 2.40

தாடிக்கும் எழுதி வைத்திருக்கிறார்களே, பாவம். அந்தச் சீப்பை வைத்திருந்த மனுசிக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா.


ஐம்பால் | திங்கள் இரவு 7.55

காலிமுகத்திடல் காற்று அவர்களே, என் வாதத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறேன். அழகு பின்னால் வந்திருக்கலாம். ஆனால் ஆண்களை மறந்துவிட்டோம் என்பதையும் சேர்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டுக் கொழும்புப் புகைப்படங்களைப் பாருங்கள், சிங்கள ஆண்கள் கொண்டை கட்டி, உச்சியில் வளைந்த ஆமையோட்டுச் சீப்புச் செருகியிருப்பார்கள். தமிழ் ஆண்கள் குடுமி. கட்டை மயிர் ஆணுக்கு, நீள மயிர் பெண்ணுக்கு என்ற பிரிவு இந்த ஊரிலேயே மிக அண்மைக் காலத்தது. நீளத்தைப் பெண்ணழகாக மட்டும் எடுத்து நான் பேசியது பிழை.


மெல்லத்துளிர் | திங்கள் இரவு 9.20

ஆச்சி, நுனியிலிருந்து மேலே இழுக்க வேண்டும் என்றீர்களே. எனக்கு இப்போது 11 சென்ரிமீற்றர். சீப்புப் போட்டாலே கை பயப்படுகிறது. இனி அப்படிச் செய்கிறேன்.


மாவிட்டபுரம் ஆச்சி | திங்கள் இரவு 9.45

பயப்படாதை பிள்ளை. தெஹிவளை எனக்குப் பக்கம்தான். எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன், பேரனிடம் கொடுத்துவிடுகிறேன்.


இரட்டைப்பின்னல் | வெள்ளவத்தை | செவ்வாய் இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வேளைக்கே எழுப்பிவிட்டேன். சலூன் அண்ணா சொன்னபடி சீப்பில் வந்த மயிர்களை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். இவளுக்கு 31ஆம் நாள் மொட்டை அடித்தோம், அதற்குப் பிறகு கத்தரி வைக்கவில்லை. மொட்டையான நுனிதான் இருக்கும் என்று நினைத்தேன், எல்லாம் மெலிந்த நுனி. பிறகுதான் விளங்கியது, மொட்டை அடித்த காலத்து மயிர் எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டன. இப்போது தலையில் இருப்பது வேறு.

ஆக நீளமானதை அடிமட்டத்தில் வைத்தோம், 52 சென்ரிமீற்றர். ஆண்டுக்கு 15 என்று அவளே பிரித்துப் பார்த்தாள், மூன்றரை வருடம். விழுவதற்கு முந்திய ஓய்வு மாதங்களைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம். விரலை மடித்து எண்ணிவிட்டு, "அம்மா, இது நான் முதலாம் வகுப்புக்கு அழுதுகொண்டு போகேக்கை முளைச்சது" என்றாள்.

கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறாள். வான் ஹோர்ன் அடித்துவிட்டது, இன்று ஒற்றைப் பின்னலோடுதான் போனாள்.